சம்பளம் முழுக்க டே கெயாருக்கே போகுமா? மட்டக்களப்பில் ஒரு தாய் கணக்குப் போட்ட முறை

பேறுகால லீவு முடிய மூன்று கிழமை இருக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கும். "உன்ட சம்பளம் முழுக்கப் புள்ள பாக்கிற ஆளுக்கே போயிரும், பிறகு எதுக்குப் போற?" என்று யாராவது கேட்பார்கள். மாமி கேட்கலாம், பக்கத்து வீட்டு அக்கா கேட்கலாம், சில வேளை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். நியாயமான கேள்விதான். ஆனால் பேனையும் கொப்பியும் எடுக்காமல் அதற்குப் பதில் சொன்னால் பிழைத்துவிடும். எனக்குப் பிழைத்தது.

மூத்தவள் பிறந்தபோது டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சேர்ந்து நாலு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. ஓர் இரவு சாப்பிட்டுக்கொண்டே "விட்டுர்றன்" என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை கடிதம் கொடுத்தேன். இன்னும் நாலு மாதம் பொறுத்திருந்தால் ஐந்து வருடம் பூர்த்தியாகி, விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை கிடைத்திருக்கும். மற்றவர்களுக்குப் பணிக்கொடை கணக்குப் பார்த்துக் கொடுத்த எனக்கே அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குத்தான் கொப்பி எடுத்தேன். அதில் எழுதிய ஒழுங்கிலேயே இதைச் சொல்கிறேன். இடமாற்றத்தில் வந்து, இங்கே சொந்தம் யாரும் இல்லாமல் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

காசுக்கு முதல் நேரம்

ஒரு பக்கத்தில் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை மணித்தியாலங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே பிள்ளை யாருடைய கையில் இருக்கும் என்று எழுதுங்கள். "வீட்டில் யாராவது இருப்பார்கள்" என்று எழுதக் கூடாது, பேர் எழுத வேண்டும்.

பேர் எழுத முடியாத மணித்தியாலங்களுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள். எட்டரைக்கு அலுவலகம், நாலரைக்கு விடும் என்பதால் எட்டு மணித்தியாலம் என்று நினைப்போம். களுவாஞ்சிகுடியிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வருபவருக்கு அது பத்தைத் தாண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வேலை என்றால் போக்குவரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அங்குள்ள கொக்கட்டிச்சோலைக்குப் பயணம் முந்தியைவிட எவ்வளவோ இலேசு. என்றாலும் மார்கழி, தை மழையில் வெள்ளம் ஏறினால் உள்வீதிகள் சில மூடப்படும். அன்றைக்கு நீங்கள் அங்கே, பிள்ளை இங்கே.

மூன்று வயதானால் நேர்சரி இருக்கிறதே என்பார்கள். நேர்சரி காலை எட்டு மணியளவில் தொடங்கி மதியத்துக்கு முன்னரே விட்டுவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் ஏறக்குறைய மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே, மதியத்திலிருந்து ஐந்து மணி வரையான இடைவெளி பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் தொடரும். தவணை விடுமுறையில் முழு நாளும் இடைவெளிதான். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வரும். மற்றப் பாடசாலைகளின் நாட்காட்டி வேறு. உங்கள் அலுவலகம் ஒரு நாட்காட்டியிலும் பிள்ளையின் நேர்சரி இன்னொரு நாட்காட்டியிலும் ஓடினால் அதையும் இந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை என்றால் அன்றைக்கு டே கெயார் திறந்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டும். எனக்கு அது முதல் சனிக்கிழமை காலையில், பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றபோதுதான் தெரியும்.

அம்மம்மா இருக்கிறாவா?

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். இங்கே வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவில் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு இருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு வேலி தள்ளி இருப்பார்கள். அதனால் "நீ போயிற்று வா மனே, புள்ளய நான் பாக்கன்" என்று சொல்ல ஓர் அம்மம்மா இருப்பா. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து, நம் வீட்டில் அப்பம்மா இருக்கிறாவே என்று நினைப்பார்கள். இந்த ஊரில் அப்பம்மா பெரும்பாலும் தன் மகளுடைய வளவில், மகளுடைய பிள்ளைகளோடு இருப்பா. மகன் வீட்டுக்கு வந்து நிற்பது என்றால் அவ அங்கே உள்ளதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அம்மம்மா பார்த்தால் செலவு பூச்சியம் என்று எழுதாதீர்கள். அவவுக்கு முழங்கால் வருத்தம் இருக்கும், மாதம் ஒருமுறை கிளினிக் இருக்கும், கோயில் திருவிழாவும் செத்த வீடும் கலியாண வீடும் இருக்கும். ஓடத் தொடங்கிய பிள்ளையின் பின்னால் அறுபத்தைந்து வயதில் ஓட முடியாது. கையில் கொஞ்சம் காசு கொடுங்கள். சம்பளம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வா. "மருந்துக்கு வைச்சுக்கொள்ளுங்க" என்று சொன்னால் வாங்குவா. நான் மாதம் ஐயாயிரம் கொடுத்தேன். அதில் பாதியைப் பேத்தியின் பேரில் சீட்டுக் கட்டியிருந்தா என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மம்மா இல்லாதவர்களுக்கு மூன்று வழிதான். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள், பக்கத்தில் தன் பிள்ளையோடு சேர்த்து உங்கள் பிள்ளையையும் பார்க்கும் ஓர் அக்கா, டே கெயார். விலை இடத்துக்கு இடம் மாறும். மூன்று பேரிடமாவது நேரில் கேட்டு எழுதுங்கள்.

கணவரும் வீட்டில்தானே என்று சிலர் சொல்வார்கள். இரவில் தோணியில் போய் விடியப்புறம் கரைக்கு வருகிற மனுசன் பகலில் வீட்டில் இருப்பார், உண்மைதான். ஆனால் அவர் உறங்குவார். அந்த மணித்தியாலங்களுக்கு நேரே அவருடைய பேரை எழுத வேண்டாம். சொந்த ஓட்டோ வைத்திருப்பவர் என்றால் கதை வேறு. மதியம் நேர்சரியில் ஏற்றி இறக்க அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்காது.

இனிக் காசு

கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் 48,000 ரூபாய் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 3,840 கழியும். கைக்கு வருவது 44,160. வருமான வரி பற்றிப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரையான சம்பளத்துக்கு வரி பிடிப்பதில்லை.

இனிக் கழியுங்கள். டே கெயார் 18,000. பிள்ளையை ஏற்றி இறக்கும் ஓட்டோ 6,000. நீங்கள் போய்வரும் பஸ் அல்லது ஸ்கூட்டிப் பெற்றோல் 4,500. கடைச் சாப்பாடு, உடுப்பு, அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று சேர்க்கும் காசு எல்லாமாக 3,500. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து லீவு முடிந்தபின் சம்பளம் வெட்டப்படும் நாட்களுக்குச் சராசரியாக 1,600. மொத்தம் 33,600. மிஞ்சுவது 10,560.

பயணத்தோடு ஒரு நாளைக்கு ஒன்பதரை மணித்தியாலம், மாதம் 24 நாள் என்றால் 228 மணித்தியாலம். மணிக்கு 46 ரூபாய். என் கொப்பியில் இந்த இடத்தில் தேத்தண்ணிக் கறை ஒன்று இருக்கிறது. எழுந்து போய்ப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் மீதியை எழுதினேன்.

பலர் இந்த வரியோடு கொப்பியை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம், அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

சம்பளத்திலிருந்து கழிந்த 3,840 எங்கும் போகவில்லை, உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. அதற்கு மேலே முதலாளி 12 வீதம் போட வேண்டும், அது 5,760. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவரே இன்னும் 3 வீதம், 1,440. மூன்றும் சேர்த்து மாதம் 11,040. நிறுவனத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்து விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. 48,000க்கு அது வருடம் 24,000, மாதத்துக்கு 2,000 என்று எழுதலாம். ஆக 13,040. முதல் பக்கத்து 10,560ஐயும் சேர்த்தால் 23,600.

இந்த இரண்டாம் பக்கத்துக் காசில் இன்றைக்குப் பால்மா வாங்க முடியாது. சேமலாப நிதியைப் பெண்கள் பொதுவாக 50 வயதில் எடுக்கலாம். அதனால் இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒரே தொகையாகப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். முதல் பக்கம் கழித்தல் குறிக்குப் போனால், இரண்டாம் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாதம் 20ஆம் திகதிக்குப் பிறகு கடன்தான்.

ஒரு முக்கிய விசயம். சேமலாப நிதி கட்டாமலே வேலை வாங்கும் இடங்களும் உண்டு. சம்பளப் பட்டியலில் 8 வீதம் வெட்டியிருந்தால் மட்டும் போதாது, அது உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி மீதியைச் சரிபாருங்கள். சந்தேகம் என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே இல்லை என்று வந்தால் இரண்டாம் பக்கம் வெறுமை, முதல் பக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

அரச உத்தியோகம் என்றால் இந்தக் கணக்கே வேறு. ஓய்வூதியம் இருக்கும் வேலையை இரண்டு மூன்று வருட டே கெயார் கட்டணத்துக்காக விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாள், பிறகு சம்பளமில்லாமல் 84 நாள் என்று பேறுகால லீவை நீட்டிக்கலாம். தனியாருக்கு முதல் 84 நாள் மட்டும்தான்.

குறைந்த சம்பளம் என்றால்

2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. அதில் 8 வீதம் போனால் கையில் 27,600. மேலே சொன்ன அதே செலவுகளைக் கழித்தால் மாதம் ஆறாயிரம் கையிலிருந்து போடவேண்டி வரும். காசு கொடுத்து முழுநாளும் பிள்ளையைப் பார்ப்பித்துக்கொண்டு இந்தச் சம்பளத்துக்கு வேலைக்குப் போவது பெரும்பாலும் சரிவராது. வெட்கப்படாமல் அப்படியே ஒத்துக்கொள்ளலாம். அம்மம்மாவோ அக்காவோ பார்த்தால் சரிவரும். ஒரு வருடத்தில் நிரந்தர நியமனமோ சம்பள உயர்வோ எழுத்தில் இருந்தாலும் சரிவரலாம். "பார்ப்போம்" என்று முகாமையாளர் வாயால் சொன்னது எழுத்தில் இருப்பதாக ஆகாது.

கார்மென்ட்ஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. தொழிற்சாலையில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். வீடு பக்கத்தில் இருந்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் டே கெயாருக்குக் கொடுக்கும் நேரத்தில் குறையும்.

வீட்டிலிருந்து டியூசன், தையல், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பது எல்லாம் நல்ல வழிகள். ஆனால் பிள்ளை பார்க்கும் செலவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். டியூசன் பிள்ளைகள் வருவது பின்னேரம் மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில். உங்கள் பிள்ளை உறங்கி எழும்பிச் சிணுங்கும் நேரமும் அதுவேதான்.

எத்தனை வருடம்?

இந்தச் செலவுக்கு முடிவுத் திகதி இருக்கிறது. அதையும் எழுதுங்கள். பிள்ளை ஐந்து வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும். நாலு மாதத்தில் டே கெயாரில் விட்டால் கூடிய செலவு ஏறக்குறைய நாலரை வருடம். இடையில் மூன்று வயதில் நேர்சரி வரும்போது செலவு பாதியாகும் என்று நானும் நம்பினேன். நேர்சரிக்கு 3,000, மதியத்துக்குப் பிறகான டே கெயார் 10,000, இரண்டுக்கும் நடுவே ஏற்றிப்போக இன்னொரு ஓட்டோ 3,000 என்று வைத்தால் 16,000. குறைந்தது இரண்டாயிரம் மட்டும்.

வேலையை விட்டால் இழப்பது அந்த நாலரை வருடச் சம்பளம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேறொரு இடத்தில் சேர்ந்தபோது எனக்குத் தொடக்கச் சம்பளம்தான் தந்தார்கள். என்னோடு முந்தி ஒரே மேசையில் இருந்தவள் அப்போது உதவிக் கணக்காளர். மூத்தவளோடு இருந்த மூன்று வருடத்தை நான் குறை சொல்லவில்லை. அவள் முதல் வார்த்தையை என்னிடம்தான் சொன்னாள். ஆனால் அதன் விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுத்திருக்கலாம்.

இந்தக் கணக்கில் பிள்ளைச் செலவை ஏன் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறோம் என்று என் கணவர்தான் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு சம்பளத்தையும் ஒன்றாகப் போட்டு, மொத்தச் செலவைக் கழித்து, ஒருவர் வீட்டில் நின்றால் என்ன மிஞ்சும், இருவரும் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். தாய் நின்றால் என்ன, தகப்பன் நின்றால் என்ன என்றும் பாருங்கள். தகப்பனுடையது ஆறு மாத ஒப்பந்த வேலையும் தாயுடையது நிரந்தர வேலையுமாக இருக்கும் வீடுகள் இங்கே குறைவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பது கொப்பியில் எழுத முடியாத தொகை. அதை அந்தந்த வீடு தீர்மானிக்கட்டும்.

இடம் பார்க்கப் போகும்போது

கணக்குச் சரிவந்தாலும் இடம் சரியில்லை என்றால் முடிவு "இல்லை"தான். சொல்லாமல் போங்கள், பகல் பன்னிரண்டரைக்குப் போங்கள். சாப்பாடும் உறக்கமும் கலக்கும் அந்த நேரத்தில் ஒரு டே கெயாரின் உண்மையான முகம் தெரியும். எத்தனை பிள்ளை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நீங்களே எண்ணுங்கள்.

முதலில் கிணற்றைப் பாருங்கள். நம் ஊர் வளவுகளில் கிணறு இல்லாத இடம் குறைவு. கட்டு எவ்வளவு உயரம், மூடி இருக்கிறதா, பக்கத்தில் பிள்ளை ஏறக்கூடிய கல்லோ வாளியோ கிடக்கிறதா? தண்ணீர் நிரப்பி வைத்த பீப்பாய்களையும் பாருங்கள். கேற்றுக் கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வளவில் தண்ணீர் தேங்குமா என்று அயலவரிடம் கேளுங்கள், நுளம்பு அங்கேதான் பெருகும். இந்தப் பக்கம் டெங்குக் காய்ச்சல் கூடுவதும் அந்த மழையோடுதான். பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் யார் பிள்ளை பார்க்கிறார்கள் என்பது உள்ளங்கை போலத் தெரியும். கிளினிக்குக்குப் போகும்போது மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

பிந்தி வந்தால் எவ்வளவு எடுப்பார்கள், காய்ச்சல் பிள்ளையை வைத்திருப்பார்களா, விடுமுறை மாதத்துக்கும் முழுக் கட்டணமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் பிள்ளைக்கு நான் பார்த்த ஓர் இடத்தில் மூன்று மாதக் காசை முன்கூட்டியே கேட்டார்கள், நானும் கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாளே மகளுக்கு அங்கே ஒத்துவரவில்லை, காசும் திரும்பி வரவில்லை.

அலுவலகத்தில் கேட்க வேண்டியதை லீவு முடிவதற்கு முன்னரே கேளுங்கள். காலையில் அரை மணித்தியாலம் முந்தி வந்து பின்னேரம் முந்திப் போக முடியுமா? கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. 21 நாளும் பிள்ளையின் காய்ச்சலுக்கே போகும் என்று எண்ணி வைத்தால் மனம் நோகாது. 9 மாத, 12 மாத, 18 மாதத் தடுப்பூசி நாட்களையும் இதே லீவில் குறித்து வையுங்கள்.

வேலைக்குத் திரும்ப இரண்டு கிழமைக்கு முன்னால் பிள்ளையைப் பார்க்கும் ஆளிடம் விடத் தொடங்குங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு அரைநாள், பிறகு முழுநாள். சின்னவனை முதல் முழுநாள் விட்ட அன்று நான் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் அந்த அக்கா, "அவன் உறங்குறான் தங்கச்சி, நீங்க எடுத்து எடுத்து எழுப்பிராதீங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டா.